நான்காம் கூறு: இளவயதுப் பக்கவாதமும் உழைச்செல்வாரும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை வகுப்பில் நடத்துகையில் அதன் கடைசிக் குறளை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். அளவறிந்து உண்பது பற்றிய குறள்களும், நோய்முதல் நாடுதல் பற்றிய குறளும் மேற்கோளுக்கு ஏற்றவை. மாணவர் மனத்தில் எளிதில் நிற்பவை. 950ஆம் குறளோ வெறும் பட்டியல்போலத் தோன்றும். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து இயற்றுபவன் என மருத்துவம் நான்கு கூறுடையது என்பது அதன் சாரம். நான்காமவனுக்கு வள்ளுவர் இடும் பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்தில் இருந்து இயங்குபவன் அவன்.

பரிமேலழகர் இந்த நான்கில் ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். சரகரின் வடமொழி மருத்துவ நூலிலும் இதே பதினாறு கூற்றுப் பகுப்பு உண்டு. உழைச்செல்வானுக்கு உரையாசிரியர் வேண்டும் பண்புகள்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வன்மை, அறிவு. அன்பு முதலில் நிற்கிறது. ஆனால் அன்பு மட்டும் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. அறிவையும் சேர்த்தே கேட்கிறார். இந்தக் கடைசிச் சொல்லின் கனம், பக்கவாதத்தின் வரலாற்றை, அதிலும் இளவயதில் தாக்கும் பக்கவாதத்தின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் நமக்கு முழுமையாகப் புலப்பட்டது. நாம் மருத்துவர் அல்லோம்; தமிழ் கற்பிப்பவர். எனவே இக்கட்டுரை சிகிச்சை சொல்ல வரவில்லை. நான்காம் கூறு வரலாற்றில் எங்கெல்லாம் தென்படுகிறது, எங்கெல்லாம் மறைந்துபோகிறது என்று தேடிப் பார்ப்பதே நோக்கம்.

*

கடலூர், தேவனாம்பட்டினம், சிதம்பரம் பக்கத்து மக்கள் இந்நோயைக் குறிக்கும் சொற்களை முதலில் கவனிப்போம். ‘வாதம் அடிச்சிடுச்சு’ என்பார்கள். ‘கை கால் இழுத்துக்கிச்சு’ என்பார்கள். ‘ஒரு பக்கம் விழுந்துடுச்சு’, ‘வாய் கோணிக்கிச்சு’ என்பார்கள். பெரியவர்கள் ‘பாரிசவாயு’ என்பதும் உண்டு. பாரிசம் என்றாலும் பக்கமே. இப்போது ‘ஸ்ட்ரோக்’ என்னும் சொல் குப்பத்துத் தெருக்கள்வரை வந்துவிட்டது. பழைய சொற்களில் வாதம், வாயு என்பவற்றில் காற்று இருக்கிறது. வள்ளுவர் முத்தோடங்களில் வளியையே முதலில் வைக்கிறார். யூகியின் ‘வைத்திய சிந்தாமணி’ வாத நோய்களை எண்பதாக எண்ணுகிறது. உடலின் ஒரு பாதி அசைவிழப்பதைக் கண்ணால் கண்ட நம் முன்னோர், அசைவுக்குக் காரணமான வளி கெட்டதன் விளைவு அது என்று கருதினர். கண்ட காட்சிக்குப் பொருத்தமான ஊகம்தான்.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் வேறு வகை ஊகங்களே நிலவின. ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசன் நகர மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர், இவ்வாறு இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து 1658இல் ஒரு நூல் வெளியிட்டார். மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதை அவர் கண்டார். மூளைக்குச் செல்லும் குழாய்கள் அடைபடுவதாலும் இந்நோய் நேரலாம் என்று கருதினார். இன்றும் பக்கவாதத்தின் பெரும்பிரிவுகள் இவ்விரண்டே: குழாய் அடைத்துக்கொள்வது, குழாய் வெடித்துக் கசிவது.

சொற்களோடு ஒரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கவாதம் முதுமையின் நோய் என்பதே அது. பெருவாரியாகப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் இந்திய மருத்துவமனைகளின் பக்கவாத நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் நாற்பது வயதைத் தாண்டாதவர் என்று நரம்பியல் நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. இளையோரிடம் காரணங்களும் சற்று வேறு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் அடைப்பிதழ் பழுதாகி, அங்கே உறைந்த இரத்தக்கட்டி மூளைக்குச் செல்லலாம். கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம். பிறவியிலோ பின்னரோ பலவீனப்பட்ட குழாய் பலூன்போல் புடைத்து வெடிக்கலாம். காசநோய் மூளையுறையைத் தாக்கி அங்குள்ள குழாய்களைக் கெடுக்கலாம். இவற்றோடு, முன்பு ஐம்பதுக்கு மேல் வந்த உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் இப்போது முப்பதுகளிலேயே வந்துவிடுகின்றன. புகையும் மதுவும் துணைநிற்கின்றன. முதுமையின் நோய் என்னும் நம்பிக்கையின் விலை என்னவென்றால், இருபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் நாக் குழறித் தடுமாறும்போது, ‘குடித்திருக்கிறான்’ என்றோ ‘காத்துக் கருப்பு’ என்றோ பக்கத்திலிருப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவில் மணிக்கணக்கு கரைந்துபோகிறது.

*

தேவனாம்பட்டினத்தில் கடலோடு கலக்கும் கெடிலம் ஆற்றின் வழியே மேற்கே சென்றால் முதலில் திருப்பாதிரிப்புலியூர் வரும். மேலும் சென்றால் திருவதிகை. தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற நோய்க்கதை இந்த ஆற்றங்கரையில்தான் நடக்கிறது. மருள்நீக்கியார் திருப்பாதிரிப்புலியூரில் சமணத் துறவிகளிடம் சேர்ந்து தருமசேனர் ஆகிறார். சூலை நோய் பற்றுகிறது. அங்குள்ளோரின் மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியாருக்குச் சொல்லியனுப்புகிறார். பின் இரவோடிரவாகத் திருவதிகைக்குச் சென்று குணமடைந்து நாவுக்கரசர் ஆகிறார். சூலை வயிற்று நோய், பக்கவாதம் அன்று. புராணத்தில் சமயச் சார்பும் வெளிப்படை. அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுப் படித்தால் எஞ்சுவது ஓர் உழைச்செல்வாளின் கதை. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே உயிர்தாங்கி இருந்தவர். நோய் வந்த தம்பிக்கு அவர் செய்வது மூன்று: கடிந்து விலக்காமல் ஏற்றுக்கொள்கிறார், தம் கையால் நீறு தருகிறார், முன்நடந்து கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார். அதன் பிறகே பாட்டு வருகிறது. நாம் பாட்டை நினைவில் வைத்து, அழைத்துச் சென்றவரை அடிக்குறிப்பாக்கிவிட்டோம்.

நரம்பு நோய்க்கு இன்னும் நெருக்கமான கதையும் பெரியபுராணத்தில் உண்டு. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவனின் மகள் ‘முயலகன்’ என்னும் நோயால் உணர்விழந்து கிடக்கிறாள். அது வலிப்பு நோயாக இருக்கலாம் என்பது இன்றைய கருத்து. மருத்துவம் பலிக்காத நிலையில் தகப்பன் அவளைக் கோயிலில் கிடத்தியிருக்க, சம்பந்தர் பாடி எழுப்புகிறார். சேக்கிழார் இக்கதைகளையெல்லாம் அரங்கேற்றியது சிதம்பரத்தின் ஆயிரக்கால் மண்டபத்தில் என்பது மரபு. அதே கோயிலில் ஆடும் பெருமானின் காலடியில் முயலகன் என்னும் பெயரோடேயே ஓர் உருவம் மிதிபட்டுக் கிடக்கிறது. இளம்பெண் ஒருத்தி திடீரென வலிப்புற்று உணர்விழப்பதைத் தமிழ்ச் சமூகம் நன்கு அறிந்திருந்தது. அதற்கு ஒரு பெயரும் உருவமும் கொடுத்திருந்தது. அந்தப் பெண்களில் சிலருக்கு உள்ளே நடந்தது என்ன என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. அதில் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

*

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் துறையைத் தொடங்கினார். அங்கிருந்து ஜேக்கப் ஆபிரகாமும் உடன்பணியாற்றியோரும் வேலூர்ப் பகுதி மக்களிடையே பக்கவாதத்தால் ஒருபக்கம் செயலிழந்தவர்களைக் கணக்கெடுத்து 1970இல் வெளியிட்டனர். இலட்சத்துக்குச் சுமார் 57 பேர் என்பது அவர்கள் கண்ட எண். மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் எண்ணாமல், மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவில் எடுக்கப்பட்ட தொடக்ககாலக் கணக்குகளுள் இதுவும் ஒன்று.

அடுத்து மதுரை. அங்கு நரம்பியல் மருத்துவராயிருந்த கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் மூளை இரத்தக்குழாய் அடைப்புக்கு ஆளான 135 பெண்களை ஆராய்ந்து 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேலைநாட்டு மருத்துவர் பலர் அரிதாகவே கண்டிருந்த ஒரு நோயை, ஒரு தமிழக நகரம் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் கண்டிருந்தது. பக்கவாதம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் அடைப்பு. இப்பெண்களில் பெரும்பாலோருக்கு அடைத்தது, மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுவரும் சிரை. வடிகால் அடைத்தால் வயலில் நீர் தேங்குவதுபோல், சிரை அடைத்தால் மூளையில் இரத்தம் தேங்கி வீங்கும்; சிலவேளை கசியும். தலைவலி, வாந்தி, வலிப்பு, கைகால் செயலிழப்பு, உணர்விழப்பு என அது வளரும். பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களிலேயே இது மிகுதியும் நேர்கிறது.

காரணம் இயற்கையின் முன்னேற்பாட்டிலேயே இருக்கிறது. பேற்றின்போது இரத்தம் மிகுதியாக வெளியேறித் தாய் இறந்துவிடாதபடி, கர்ப்பிணியின் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. அத்தன்மை பேற்றுக்குப் பின்னும் சில வாரங்கள் நீடிக்கிறது. அதனுடன் இரத்தசோகையும் கிருமித்தொற்றும் உடலில் நீர்வற்றுதலும் சேர்ந்தால் உறைவு மூளைச் சிரையில் நிகழலாம். இங்கேதான் நம் வீடுகளின் வழக்கம் ஒன்று உள்ளே வருகிறது. ‘பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காதே, வயிறு போட்டுவிடும்’ என்பது தமிழகத்துப் பேறுகால அறைகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்த குரல். நா வறண்டு கேட்பவளுக்கு ஒரு வாய் வெந்நீர் நனைத்துக் கொடுத்துவிட்டுச் செம்பைத் தள்ளிவைத்தவர்கள் பகைவர் அல்லர். தாயும் மாமியாரும் அத்தையும்தான். பத்தியச் சோறு பொங்கியவர்கள், மருந்து இடித்தவர்கள், இரவெல்லாம் கண்விழித்தவர்கள் அவர்களே. பரிமேலழகர் கேட்ட நான்கில் அன்பும் தூய்மையும் சொன்னதைச் செய்யும் வன்மையும் அங்கே இருந்தன. அறிவு மட்டும் இல்லை.

அவளுக்கு வலிப்பு வந்தால் அதற்குப் பெயர் ‘பிரசவ ஜன்னி’. பிதற்றினால் பேய் பிடித்தது. எத்தனை பெண்கள் இவ்வாறு மூளைச் சிரை அடைப்பால் மாண்டு, ‘ஜன்னி கண்டு செத்தாள்’ என்ற ஒற்றை வரியோடு குடும்ப நினைவிலிருந்து மறைந்தார்கள் என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

வருத்தம் மிகும் இடம் ஒன்று உண்டு. உயிர்பிழைத்துவிட்டால், தமனி அடைப்பைவிடச் சிரை அடைப்பில் மீட்சி மிக நன்றாக இருக்கும். பல நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் நால்வர் குறையே இன்றியோ மிகச் சிறு குறையோடோ மீண்டிருந்தனர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை, மூளையில் கசிவுள்ளவருக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கம் நெடுங்காலம் இருந்தது. ஜெர்மனியில் 20 பேரிடம் மட்டும் செய்யப்பட்ட ஒரு சோதனை 1991இல் அத்தயக்கத்தை அசைத்தது. ஹெப்பாரின் பெற்ற பத்துப் பேரில் ஒருவரும் இறக்கவில்லை. பெறாத பத்துப் பேரில் மூவர் இறந்தனர். ஆக, ‘ஜன்னி’ என்று கைவிடப்பட்ட பெண்களில் பலர் மீளக்கூடியவராக இருந்தவர்கள். பிள்ளை பெற்ற பெண் தாங்கமுடியாத தலைவலி என்று சொன்னால், அது கண்விழித்த அசதி என்று கொள்ளாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற ஒரு செய்தியே போதும். அதைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் நோயாளி அல்லர், பக்கத்தில் இருப்பவர்.

*

தமனி அடைப்பைப் பொறுத்தவரை உழைச்செல்வானின் அறிவு கடிகாரத்தால் அளக்கப்படுகிறது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. அடைப்பா கசிவா என்று உயிரோடிருப்பவரிடமே பிரித்தறிய அதன் பிறகே எளிதாக முடிந்தது. 1995இல், உறைந்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால் பயனுண்டு என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் அந்த வரம்பு நாலரை மணியாக நீண்டது. 2015இல் வெளியான ஆய்வுகள், பெரிய குழாய் அடைப்புகளில் மெல்லிய குழல் செலுத்திக் கட்டியை வெளியே இழுப்பதன் பயனை நிறுவின. மூன்றாம் கூறாகிய மருந்து இவ்வாறு வளர்ந்துவிட்டது. ஆனால் அது தொடங்குவது, வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கை சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று வீட்டிலோ வள்ளத்திலோ வகுப்பறையிலோ ஒருவர் பார்க்கும் கணத்தில்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். புதுச்சேரி அதில் ஏறத்தாழப் பாதி. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. சிதம்பரத்தில், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு 1985இல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. 2021இல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. 108 ஊர்தி தமிழகத்தில் 2008இல் ஓடத்தொடங்கியது. நாலரை மணி என்னும் வரம்புக்குள் இந்தத் தொலைவுகள் பெரிதல்ல. மந்திரிக்கச் சென்று திரும்புவதும், ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதும், முதலில் ஒரு சிறு மருத்துவமனை பின் இன்னொன்று என்று அலைவதும்தான் தொலைவைப் பெருக்குகின்றன.

*

உயிர் தங்கிவிட்டது, வீடு திரும்பியாயிற்று. அதன் பின்னர்தான் மிக நீண்ட பகுதி தொடங்குகிறது. முதியவருக்கு எஞ்சிய ஆண்டுகள் சில. இளையவருக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள். வேலை, திருமணம், பிள்ளை வளர்ப்பு, கடன் என எல்லாம் முன்னால் இருக்கின்றன. மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார். மற்ற நாட்களெல்லாம் நான்காம் கூறின் கையில்.

தமிழகத்தில் இந்தப் பகுதிக்கு ஒரு நிறுவன வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் மேரி வர்கீஸ். வேலூரில் இளம் மருத்துவராயிருந்த அவர் 1954இல் கார் விபத்தொன்றில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அது பக்கவாதம் அன்று; ஆயினும் இளமையில் உடலின் ஒரு பகுதியை இழந்து மீள்வது என்னும் கேள்வி ஒன்றே. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் அமைந்த, நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பின் விளைவு. இந்தியாவில் அவ்வகையில் அது முன்னோடி. இழந்ததை மீட்பது மட்டுமன்று, எஞ்சியதைக் கொண்டு வாழப் பழகுவதும் மருத்துவமே என்று அது காட்டியது.

இளவயதுப் பக்கவாதத்தில் நான்காம் கூறு என்ன செய்ய முடியும் என்பதற்கு உலகறிந்த சான்று அமெரிக்க நடிகை பட்ரீஷியா நீல். 1964இல் ஆஸ்கார் விருது பெற்ற அவருக்கு, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மூளைக் குழாய்ப் புடைப்பு வெடித்தது. வயது 39, கருவுற்றிருந்தார். கணவர், எழுத்தாளர் ரோல்ட் டால், தாம் முன்பே அறிந்திருந்த நரம்பியல் அறுவை மருத்துவரை உடனே தொலைபேசியில் அழைத்தார். அன்றிரவே அறுவை நடந்தது. ஏறத்தாழ மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்து மீண்டவருக்கு வலப்பக்கம் செயலில்லை, பேச்சும் இல்லை. இங்கிலாந்தின் தம் சிற்றூருக்குத் திரும்பியதும், டால் அக்கம்பக்கத்தாரை முறைவைத்து வரச்சொன்னார். அவர்கள் எவரும் மருத்துவர் அல்லர். எழுத்துக்கூட்டச் சொன்னார்கள், சீட்டாடினார்கள், பொருள்களின் பெயர் கேட்டார்கள். நாள்தோறும் பல மணி நேரம். ஆகஸ்டில் பெண்குழந்தை நலமாகப் பிறந்தது. 1968இல் வெளியான படத்தில் நீல் மீண்டும் நடித்து, மீண்டும் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பயிற்சியளித்தவருள் ஒருவரான வாலரி ஈட்டன் கிரிஃபித் அந்த முறையை 1970இல் நூலாக எழுதினார். பின்னர் அது பிரிட்டனில் தன்னார்வலர் திட்டமாகவே வளர்ந்தது. டாலின் கண்டிப்பு கடுமையானது என்று கருதியோர் உண்டு. நீலும் அதனால் துன்புற்றவர்தான். எனினும் ‘பாவம், ஓய்வெடுக்கட்டும்’ என்று விட்டிருந்தால் அவர் அந்த அளவு மீண்டிருப்பார் என்று சொல்வதற்கில்லை.

இதற்கு மூளையின் இயல்பே காரணம். இறந்த நரம்பணுக்கள் உயிர்பெறுவதில்லை. ஆனால் எஞ்சியவை புது இணைப்புகள் கொண்டு வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. திரும்பத் திரும்பச் செய்வதே அதற்கான தூண்டுதல். நல்ல கையைக் கட்டிவைத்துப் பழுதான கையையே பயன்படுத்தச் செய்யும் எட்வர்ட் டாபின் முறை 222 பேரிடம் சோதிக்கப்பட்டு, அதன் பயன் 2006இல் வெளியாயிற்று. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவு. பின்னர் மெதுவாகும், ஆனால் நின்றுவிடுவதில்லை. நம் வீடுகளில் பக்கம் விழுந்தவருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிறோம். சட்டைப் பொத்தானை நாமே போட்டுவிடுகிறோம். அதில் அன்பு இருக்கிறது. பொத்தானோடு அவர் பத்து நிமிடம் போராடுவதைப் பதறாமல் பார்த்திருப்பதற்கு அறிவும் வேண்டியிருக்கிறது.

பேச்சிழப்பு நம் துறைக்கு அருகிலுள்ள துன்பம். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, பேச்சுக்குரிய மூளைப் பகுதியைக் கண்டறிய உதவிய நோயாளி, முப்பது வயதளவில் பேச்சை இழந்தவர்; ‘டான்’ என்ற ஓரசை மட்டுமே அவரிடம் எஞ்சியிருந்தது. அதற்கும் முன்னரே, 1745இல் ஸ்வீடனில் ஒரு வியப்பான செய்தி பதிவாகியிருக்கிறது. வலப்பக்கமும் பேச்சும் இழந்த ஒருவர், முன்பு கற்ற தேவாலயப் பாடல்களை மட்டும் பிறர் தொடங்கிவைத்தால் தெளிவாகப் பாடினார். இந்த இயல்பைப் பயன்படுத்தி, இசையோடு சொல்லப் பழக்கும் சிகிச்சைமுறை 1973 முதல் அமெரிக்காவில் உருவாயிற்று. பண்ணோடு தேவாரம் ஓதும் ஊர்களும், தாலாட்டும் நடவுப்பாட்டும் காதில் விழுந்து வளர்ந்த தலைமுறையும் இருக்கும் தமிழ்நாட்டில் இது எளிதில் வீட்டுக்குள் வரக்கூடிய முறை. பேச முடியாதவருக்கு அறிவு போய்விட்டதாக எண்ணி, அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசுவதுதான் நம்மிடம் வழக்கமாயிருக்கிறது. சொல் வராதபோதும் பொருள் உள்ளே விளங்கிக்கொண்டிருக்கலாம் என்பதை உழைச்செல்வான் அறிந்திருக்க வேண்டும்.

லூயி பாஸ்டர் 1868 அக்டோபரில் தம் 45ஆம் வயதில் இடப்பக்கம் செயலிழந்தார். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அவர் ஒரு சிறுவனுக்கு முதலில் செலுத்தச் செய்தது 1885இல். பக்கவாதத்துக்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின். குன்னூரில் 1907இல் எழுந்த நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. அந்தப் பதினேழு ஆண்டுகளும் அவர் சொல்லச் சொல்ல எழுதிய மனைவி மரியும், ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கைகளாக இருந்த மாணவரும் இல்லையேல் அப்பணி நடந்திராது.

*

உழைச்செல்வான் என்று வள்ளுவர் ஆண்பாலில் சொன்னாலும், நம் வீடுகளில் அவ்விடத்தில் நிற்பவர் பெரும்பாலும் பெண். கணவன் பக்கம் விழுந்தால் மனைவி பார்த்துக்கொள்கிறாள். மனைவி விழுந்தால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் விழுந்த பெண்ணுக்கு இது இரட்டைத் தண்டனை, கைக்குழந்தையும் பிரிந்துபோகலாம். அவள் ஓராண்டில் ஏறத்தாழ முழுதும் தேறக்கூடியவள் என்னும் உண்மை, முடிவெடுக்கும் பெரியவர்களின் காதுக்கு உரிய நேரத்தில் எட்டுவதேயில்லை.

சட்டம் சில வாயில்களைத் திறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இயக்கக் குறைபாட்டோடு பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. நரம்புக் காரணத்தால் வரும் பேச்சிழப்பு அதன் விளக்கத்திலேயே இடம்பெறுகிறது. அரசுப் பணியில் இருக்கும்போது உடற்குறை நேர்ந்தவரை அதன் பொருட்டு வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும், பழைய வேலைக்கு ஏலாதவரை அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதை அறியாமல் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் ஒப்பமிட்டுவிடுவோர் உண்டு. ஏனெனில் விழுந்தவர் சார்பில் அலுவலகத்துக்குச் செல்பவர் உழைச்செல்வானே. கடலுக்குப் போகும் தொழிலாளிக்கும் முந்திரிக்காட்டுக் கூலிக்கும் இந்தக் காப்பும் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. வாரத்தில் ஒருநாள் வந்து கற்றுத்தருபவரிடமிருந்து மற்ற ஆறு நாட்களுக்கும் கற்றுக்கொள்ள வேண்டியவர் வீட்டில் ஒருவர் இருந்தால்தான் அது பயன்தரும்.

நாவுக்கரசர் கல்லோடு கடலில் தள்ளப்பட்டுக் கரைசேர்ந்த இடம் என்று கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்றோர் ஊர் இருக்கிறது. கரையேறினார் என்று சொல்லாமல், ஏறவிட்டது என்று பிறிதொரு துணையையும் சேர்த்தே ஊர்ப்பெயர் சொல்கிறது. இளமையில் பக்கம் விழுந்து மீண்டவர்களின் வரலாறுகளைப் படிக்கும்போதும் அவ்வாறே எவரேனும் ஒருவர் உடன் இருக்கிறார்: தமக்கை, மனைவி, மாணவர், பக்கத்து வீட்டுக்காரர். அவர்களுக்கு அன்பைக் கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், கோணிய வாயைக் கண்டவுடன் மணி பார்க்க வேண்டும், பொத்தானை அவரே போடவிட வேண்டும், பேசாதவரோடும் பேச வேண்டும். இந்த நான்கையும் ஒரு பள்ளி வகுப்பில், ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளை நடத்தும் அன்றைக்கே, அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.